பழைய சென்சஸ் ஏட்டில் சொந்தக்காரரைத் தேடியவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மண்ணடிப் பேரன்:
சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உம்மாவின் வாப்பா 1937-ல் கப்பலில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. உம்மா அப்போது கைக்குழந்தை. நியூயார்க்கிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவின் 1940 சென்சஸ் ஏடுகள் 72 வருடம் பூட்டி வைத்து 2012-ல் திறந்தவை, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். காதர் என்று எத்தனை எழுத்துக்கூட்டலில் போட்டாலும் கிடைக்கவில்லை. ஒரு ராத்திரி பெயரையே விட்டுவிட்டு, பிறந்த நாடு இந்தியா, ஊர் நியூயார்க் என்று மட்டும் போட்டேன். ஹார்லெமில் ஒரு வீடு. ‘கார்ட்டர்’ என்று எழுதியிருக்கிறார்கள். வயது சரி, வேலை கப்பல். உறவுமுறை என்ற இடத்தில் வாடகைக்கு இருப்பவர்.

இனம் என்ற கட்டத்தில் ‘ஹின்’. இந்துவாம்! ஐந்து வேளை தொழுத மனுஷன். சிரித்துக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போனேன். திருமண நிலை: ‘எஸ்’. அதாவது கல்யாணம் ஆகாதவர்.

உம்மம்மா சாகிற வரைக்கும் கருகமணியைக் கழற்றவில்லை. அந்த ஒரு எழுத்தைத்தான் இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிந்தாதிரிப்பேட்டை:
உங்களுக்கு ஒரு எழுத்தாவது கிடைத்தது. நான் 1901 சென்னைக் கணக்கில் தாத்தாவைத் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஐந்து வயதுப் பையனாக எங்கள் தெருவிலேயே இருந்திருப்பார். அங்கிருந்த பெரியவர் தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டுவிட்டு, “இதுல கணக்கு இருக்கு தம்பி, ஆள் இல்ல” என்றார். நம் ஊரில் பெயர் எழுதிய தாள்களையெல்லாம் கூட்டிக் கழித்து எண்ணாக்கிவிட்டார்கள், ஆளைத் தேடிப் பார்க்க வழியில்லை. சென்னைப் பட்டணம், 5,09,346 பேர். அந்தக் கடைசி ஆறு பேரில் ஒருத்தர் என் தாத்தா என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வியாசர்பாடி:
எனக்குக் கிடைத்தது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் ஏடு. பாட்டனாரின் அண்ணன், செங்கல்பட்டு ஜில்லா. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகத் தனியாகப் போனார் என்பதுதான் வீட்டுக் கதை. ஏட்டில் ஆளுக்கு ஓர் எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம். இவருக்கு இடது முழங்காலில் தழும்பு. ஊர்ப் பெயரை அந்த வெள்ளைக்காரர் கொலை செய்திருந்தாலும் வாய்விட்டுப் படித்தால் எங்கள் ஊர்தான்.

அடுத்த எண்ணில் ஒரு பெண் குழந்தை, வயது மூன்று. அப்பா பெயர் இருக்கும் இடத்தில் இவர் பெயர். குழந்தையின் அம்மா அந்தப் பக்கத்திலும் இல்லை, முன்பின் பக்கத்திலும் இல்லை. தனியாகப் போனார் என்று யார், எதற்காகச் சொல்ல ஆரம்பித்தார்கள்? கேட்க ஒருத்தரும் உயிரோடு இல்லை.

பெரம்பூர் லோகோ:
முதலில் ஒரு திருத்தம். வியாசர்பாடிக்காரர் சொல்வது சென்சஸே இல்லை, கப்பல் பட்டியல். 1860-ல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போனதிலிருந்து 1911 வரை எழுதப்பட்டது. இரண்டையும் குழப்பக்கூடாது.

மண்ணடித் தம்பிக்கு: ‘ஹின்’ என்பது பிழை இல்லை. 1920, 1930, 1940 மூன்று கணக்கிலும் அமெரிக்காவில் இந்து என்பது இனத்தின் பெயர். சீக்கியர், முஸ்லிம், யார் போனாலும் அந்தக் கட்டம்தான்.

என் அனுபவம்: எங்கள் காலனி ஆங்கிலோ இந்திய டீச்சரம்மாவுக்காக இங்கிலாந்தின் 1921 கணக்கில் அவர் அப்பாவைத் தேடினேன், கிடைத்தார். அதில் வயதை வருடம், மாதம் என்று இரண்டாகக் கேட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால், குடும்பம் இத்தனை வருடம் கேக் வெட்டியது தப்பான மாதத்தில்.

இனி, தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. இங்கிலாந்தில் 1931 தாள்கள் 1942-ல் தீயில் போய்விட்டன; 1941-ல் போர், கணக்கே எடுக்கவில்லை. ஆகவே 1921-ஐ விட்டால் 1951-தான், அதைத் திறக்க, எடுத்ததிலிருந்து நூறு வருடம் ஆக வேண்டும். நடுவில் 1939 பதிவேடு உண்டு, ரேஷன், அடையாள அட்டைக்காக எடுத்தது. பெண்களுக்குப் பிற்பாடு கல்யாணமானால் புதுக் குடும்பப் பெயரை அதிலேயே அடித்து எழுதியிருப்பார்கள். நம் ஊருக்கு வந்தால், 1948 சட்டப்படி சென்சஸ் தாளை யாரும் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியாகவும் செல்லாது. அதனால் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். தாய்ப் பத்திரம் இருக்கிறதா? அதில் “இன்னார் குமாரர் இன்னார்” என்று இரண்டு தலைமுறை தானாக வந்துவிடும். வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பென்ஷன் காகிதம், கல்யாணப் பத்திரிகை எதையும் எடைக்குப் போடாதீர்கள். மாநகராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவு, எழும்பூர் ஆவணக் காப்பகம் இரண்டுக்கும் நேரில் போங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயமே 1680-லிருந்து நிற்கிறது. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. போட்டோ எடுக்கும்போது பக்க எண்ணோடு எடுங்கள். நான் எடுக்காமல் இரண்டு முறை அலைந்தேன்.

வியாசர்பாடி:
சார், சென்சஸோ கப்பல் பட்டியலோ, அந்தக் குழந்தைக்கு மூன்று வயது. நான் கேட்டது அதைப் பற்றி. பத்திரம் தேடச் சொல்கிறீர்கள். பத்திரம் போட நிலம் இருந்திருந்தால் அவர் ஏன் கப்பல் ஏறப்போகிறார்?

பெரம்பூர் லோகோ:
பொதுவாகத்தான் சொன்னேன், கோபப்படாதீர்கள்.

கொரட்டூர் அக்கா:
மண்ணடித் தம்பி, ஒன்று கவனித்தீர்களா? 1940 ஏட்டில் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு பெயருக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டிருக்கும். கதவைத் திறந்து பதில் சொன்ன ஆள் யார் என்பதற்கான அடையாளம் அது. உங்கள் தாத்தா வரியில் அது இருக்கிறதா?

மண்ணடிப் பேரன்:
இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன் அக்கா. தாத்தா வரியில் இல்லை. நான்கு வரி மேலே, வீட்டுக்கார அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவரிடம் அந்த அம்மாதான் பேசியிருக்கிறார். ‘கார்ட்டர்’ அவர் வாயில் வந்த பெயராக இருக்கலாம். ‘எஸ்’ தாத்தா அவரிடம் சொன்னதா, அவராகவே நினைத்துக்கொண்டதா? அது எந்தக் கட்டத்திலும் இல்லை.

அச்சடித்து வைத்திருக்கிறேன். உம்மாவுக்குக் கண் மங்கல், வரி வரியாக நான்தான் படித்துக் காட்ட வேண்டும். நேற்று பெயர், வயது, வேலை வரைக்கும் படித்தேன். “அப்புறம்?” என்றார். அஸருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.