மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஓடும் படகுக்கு பிட்ச் மாற்றும் புரொப்பல்லர் பொருந்துமா?

லேத் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

வணக்கம். சேலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாகச் சேகோ ஆலைகளுக்கு ஷாஃப்ட், புஷ், புல்லி கடைந்து கொடுத்துவருகிறேன். தண்ணீரில் ஓடும் பொருள் எதையும் இதுவரை செய்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

என் தாய்மாமா பண்ணவாடிப் பக்கம் இருக்கிறார். பரிசல்காரர்கள் பிடித்த மீனை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய் எடுத்துவரும் படகு அவருடையது. நீளம் 26 அடி. தண்ணீரைத் தொடும் நீளம் 24 அடி. காலையில் ஐஸ் பெட்டிகளோடு வெறும் படகாகப் போகும். திரும்பும்போது கட்லா, ரோகு, திலேபியா என்று ஒரு டன் வரை ஏறிவிடும். எஞ்சின் 8 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று, கிணற்றடியில் இருந்த பம்புசெட் எஞ்சின்தான். கியர்பாக்ஸ் கிடையாது. ஷாஃப்டை நேராகக் கோத்து 12 அங்குல விட்டம், 9 அங்குல பிட்ச் (நழுவாமல் சுற்றினால் ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பல்லர் போட்டிருக்கிறார்கள்.

வெறும் படகில் எஞ்சின் 1500 சுற்றைத் தொடுகிறது. பாரம் ஏறி எதிரில் ஆடிக்காற்றும் அடித்தால் 1250-க்கு இறங்கிக் கரும்புகை தள்ளுகிறது. பாரத்துக்குத் தகுந்தபடி பிட்சைக் குறைத்துக்கொள்ள முடிந்தால் இந்தத் தொல்லை தீருமே என்பது என் எண்ணம். நார்வே நாட்டுச் சிறு படகுகளில் கியரே இல்லாமல், ஒரு கைப்பிடியைத் திருகி இறக்கைகளின் கோணத்தை மாற்றி, முன்னே, நிறுத்தம், பின்னே மூன்றையும் முடித்துக்கொள்கிறார்கள் என்று படித்தேன். வரைபடமும் பார்த்தேன். கன்மெட்டலில் வார்ப்பு வாங்கினால் நானே கடைந்துவிடுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பின்னோக்கிப் போக வழியில்லாததால், பரிசலை நெருங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளித்தான் படகை அணைப்பார்கள். போன மாதம் காற்று தள்ளிவிட்டது. படகு போய்ப் பரிசலில் மோதி, அதிலிருந்த பெரியவர் வலையோடு தண்ணீரில் விழுந்துவிட்டார். கழியை நீட்டி இழுத்துவிட்டார்கள், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா அன்றிரவு சாப்பிடவே இல்லை.

வாங்குவதா, செய்வதா, வேறு வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மோட்டார் மெக்கானிக், ஏற்காடு:

அண்ணா, பிட்ச் என்பது கிட்டத்தட்ட வண்டியின் கியர் மாதிரிதான். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் டாப் கியரில் ஏறிப் பாருங்கள், எஞ்சின் என்ன பாடு படும்? உங்கள் படகு பாரத்தோடு அப்படித்தான் திணறுகிறது.

கடற்கரையில் நன்றாக ஓடிய அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) ஒன்றை இங்கே மேலே கொண்டுவந்து போட்டபோது முழுச் சுற்று வரவே இல்லை. 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் எஞ்சின் பலத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் போய்விடுகிறது. எஞ்சினில் கைவைக்காமல் 2 அங்குலம் பிட்ச் குறைந்த புரொப்பல்லரை மாட்டினேன், சரியாகிவிட்டது. அவுட்போர்டில் ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும். மேட்டூரில் உயரம் ஒரு பிரச்சினை இல்லை என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர், சூரமங்கலம்:

தம்பி, நீங்கள் படித்தது பெர்கன் நகரத்து சாப் எஞ்சின்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் அவற்றை நான் இயக்கியிருக்கிறேன். ஷாஃப்ட் உள்ளே துளையுள்ளது. அதனுள் ஒரு கம்பி முன்னும் பின்னும் நகரும். கம்பியின் முனை ஹப்புக்குள் (இறக்கைகள் பொருந்தும் நடுக்குடம்) இருக்கும் இறக்கைகளின் வேரைத் திருப்பும். எளிமையான, அழகான அமைப்பு. அதன்மேல் எனக்குத் தனிப் பிரியமே உண்டு. இருந்தாலும் உங்கள் படகுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

உங்களிடமிருக்கும் 9 அங்குல பிட்ச், 1500 சுற்று. தண்ணீர் கெட்டியான நட்டாக இருந்து புரொப்பல்லர் அதில் மரைபோல ஏறினால் படகு மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பாரத்தோடு நீங்கள் போவது 9 கிலோமீட்டர் இருக்கலாம். பாதிக்கு மேல் நழுவலில் போகிறது. குற்றம் பிட்சில் மட்டும் இல்லை. சிறிய புரொப்பல்லரை வேகமாகச் சுற்றுகிறீர்கள். கனத்த படகை மெதுவாகத் தள்ள, பெரிய புரொப்பல்லரை நிதானமாகச் சுற்ற வேண்டும். நிறையத் தண்ணீரை மெல்லத் தள்ளுவது, கொஞ்சம் தண்ணீரை வேகமாக எறிவதைவிடச் சிக்கனம். அதே 8 குதிரைத்திறனை 750 சுற்றில் கொடுத்தால் 17, 18 அங்குல விட்டம் வரை போகலாம்.

இப்போது பிட்சுக்கு வருகிறேன். 750 சுற்றில், பாரத்தோடு மணிக்கு 9 கிலோமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்குப் படகு நகர்வது 8 அங்குலம். நழுவல் 35 சதவீதம் வைத்தால் தேவையான பிட்ச் 12 அங்குலம். வெறும் படகு 11 கிலோமீட்டர் போகிறது, நழுவலும் குறைவு என்று போட்டுப் பாருங்கள்: 13 அங்குலம் வரும். காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் ஓர் அங்குலம்தான்! 24 அடி நீர்க்கோடு உள்ள படகு 12 கிலோமீட்டரைத் தாண்ட முயன்றால் தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்ளும் என்பதால், வெறும் படகாக இருந்தாலும் வேகம் பெரிதாகக் கூடப்போவதில்லை. இழுவை வலை கட்டிப் பாதி வேகத்தில் இழுத்துவிட்டு, பிறகு முழு வேகத்தில் கரைக்குத் திரும்பும் கடல் படகுக்கு இந்த வித்தியாசம் பல அங்குலம் வரும். பிட்ச் மாற்றும் அமைப்பு அங்கே தன் செலவைத் தானே மீட்டுவிடும்.

அந்த ஓர் அங்குலத்தைக் கோணமாகச் சொன்னால், ஆரத்தின் பத்தில் ஏழு பங்கில் அளக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. கைப்பிடி இணைப்புகளில் தேய்மானம் வந்துவிட்டால் ஆட்டமே அவ்வளவு இருக்கும். நீங்கள் லேத்காரர், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

பின்னோக்கிப் போகும் வசதி கட்டாயம் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. அதற்கு 2-க்கு 1 குறைப்பும் ரிவர்ஸும் சேர்ந்த மரைன் கியர்பாக்ஸ் ஒன்றை நல்ல நிலையில் தேடி வாங்குங்கள். சுற்றும் பாதியாகும், ரிவர்ஸும் கிடைக்கும். ஒரே செலவில் உங்கள் இரண்டு குறையும் தீர்ந்துவிடுகிறது.

கதவணை மின்நிலையப் பராமரிப்பு, ஓய்வு:

ஐயா சொன்ன கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஹப்பைப் பற்றி மட்டும் நான் பார்த்ததைச் சேர்க்கிறேன். மேட்டூருக்குக் கீழே காவிரிக் கதவணைகளில் இருக்கும் பல்பு டர்பைன்களில் இறக்கைகள் இப்படித்தான் திரும்பும். விக்டர் கப்ளான் வகுத்த அதே தத்துவம். அவ்வளவு பெரிய இயந்திரத்திலும் நாங்கள் அதிகம் அஞ்சியது ஓட்டத்துக்கு நடுவில் ஹப்பின் சீல் கசிவதற்குத்தான். எண்ணெய் பால் நிறமாக மாறினால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். பிறகு பேரிங்கும் முளையும் துருவேறத் தொடங்கிவிடும்.

நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வருகின்றன அல்லவா? அணைநீரில் மூழ்கிய அந்த ஊர்களின் சுவர்களும் மரக்கட்டைகளும் அடியில் அப்படியேதான் கிடக்கின்றன. நைலான் வலைத்துண்டு வேறு. சீல் உள்ள ஹப்பை அங்கே ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சொந்தமாகச் செய்வதானால் இன்னொன்று. 1.2 கிலோ எடையுள்ள ஓர் இறக்கையின் எடைமையம் ஷாஃப்ட் நடுவிலிருந்து 80 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 800 சுற்றில் அது வேரை இழுக்கும் விசை 70 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். தள்ளுவிசையின் வளைவும் அதோடு சேரும், ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறைந்தபடி. வார்ப்பில் ஒரு காற்றுக்குழி இருந்தாலும் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். சாயம் ஊற்றிச் சோதிக்காத வார்ப்பைத் தண்ணீருக்குள் அனுப்பாதீர்கள்.

மோட்டார் மெக்கானிக், ஏற்காடு:

நடுவழி ஒன்று இருக்கிறது. இறக்கைகளைக் கரையில் வைத்து ஸ்பேனரால் கோணம் மாற்றிப் பூட்டும் புரொப்பல்லர். ஓடும்போது மாறாது, ஷாஃப்டில் துளை வேண்டாம், சீல் வேண்டாம். எது சரியான பிட்ச் என்று பரிசோதித்துக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. ஸ்வீடனின் புரோபல்ஸ் இந்த வகையில் நான்கு இறக்கை வைத்துச் செய்கிறது, அவுட்போர்டுகளுக்கு.

லேத் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

மூவருக்கும் நன்றி. ஐயா போட்ட கணக்கை நேற்றிரவு தாளில் நானே போட்டுப் பார்த்தேன். அந்த ஓர் அங்குலம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டன்னுக்குப் பெரிய வித்தியாசம் வரும் என்று மனத்துக்குள் முடிவே செய்திருந்தேன்.

ஓட்டத்தில் பிட்ச் மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கியர்பாக்ஸ் தேடுகிறேன். ஸ்பேனரில் பூட்டும் ஹப் ஒன்றை மட்டும் பட்டறையில் கடைந்து, 11-லிருந்து 14 அங்குலம் வரை வைத்துப் பாரத்தோடு ஓட்டிப் பார்க்கிறேன். எதில் 1500 சுற்றும் வந்து புகையும் தெளிகிறதோ அந்தப் பிட்சில் நிரந்தரமாக ஒன்று வார்த்துக்கொள்வேன். மாமாவிடம் போனில் அளக்கச் சொன்னேன்: ஷாஃப்ட் நடுவிலிருந்து படகின் அடிப்பலகைக்கு 11 அங்குலம். 17 அங்குல விட்டம் போதுமான இடைவெளியோடு சுற்றுமா?

ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர், சூரமங்கலம்:

17-க்குப் பாதி எட்டரை. இரண்டரை அங்குலம் மிஞ்சுகிறது. விட்டத்தில் 15 சதவீதம் என்று நான் வைக்கும் அளவும் ஏறக்குறைய அதுதான், தாராளமாகப் போடுங்கள். 18 வேண்டாம், அடிப்பலகை அதிரும். பரிசோதனை ஹப்புக்கு எல்லா போல்ட்டிலும் பூட்டுக்கம்பி கட்டுங்கள். நன்னீர் என்பதால், அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டி உதவாது, மக்னீசியக் கட்டி வாங்குங்கள். ரிவர்ஸ் கிடைத்த பிறகும் பரிசலை எதிர்காற்றில்தான் அணுக வேண்டும் என்று மாமாவிடம் சொல்லுங்கள். முதல் ஓட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனால் சுற்று அளக்கும் கருவி என்னிடம் இருக்கிறது, எடுத்துவருகிறேன்.