11 மணி டைமர் போதுமாம்!

மூணுபேஸ்: வாட்ஸப்பில் ஒரு மேதாவியின் பதிவு சுத்திக்கிட்டிருக்கு. "அபார்ட்மென்ட்டில் மின்கார் வச்சிருக்கிற எல்லாரும் ராத்திரி 11-க்கு டைமர் வச்சா டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒண்ணும் ஆகாது." 40 கார், ஆளுக்கு 7.4 கிலோவாட் சார்ஜர். மணி அடிச்சதும் 296 கிலோவாட். இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரோட திறன் 250 கேவிஏ, அதாவது மிஞ்சிப்போனா 250 கிலோவாட். வீடுகள்ல ஏசியை 10:59-க்கே அணைச்சிடுவாங்களோ?

பேட்டரிமன்னன்: அந்த மேதாவி நான்தான், வணக்கம். பிரிட்டனில் 2022 ஜூன் 30-லிருந்து புது வீட்டு சார்ஜர்கள் ஒரே நேரத்துல தொடங்காம, ஒவ்வொண்ணும் 10 நிமிஷம் வரை ஏதோ ஒரு தாமதத்தோட தொடங்கணும்னு விதி. அதை இங்கயும் வச்சா தீர்ந்தது.

மூணுபேஸ்: அது கிரிட் (நாட்டோட மின்கட்டமைப்பு) மேல மொத்தமா விழாம இருக்க. 11:10-க்கு 40 காரும் மின்சாரம் இழுக்க ஆரம்பிச்சிருக்கும். சூடேறுற டிரான்ஸ்ஃபார்மருக்குப் பத்து நிமிஷம் எந்த மூலைக்கு?

கம்பியாள்: ஓசிபிபி (வெளியிலிருந்து சார்ஜரைக் கட்டுப்படுத்துற பொது மொழி) பேசுற சார்ஜர் போடுங்க, இன்கமரில் (கட்டடத்துக்குள்ள மின்சாரம் வர்ற இடம்) சிடி, அதாவது மின்னோட்டத்தை அளக்கிற வளையம் மாட்டுங்க. வீடுகள் இழுத்தது போக மீதி 40 கிலோவாட்னு வைங்க, அதைச் சமமா பிரிச்சா காருக்கு 1 கிலோவாட். எட்டு மணி நேரம், 8 யூனிட். போதாதா?

மூணுபேஸ்: 1 கிலோவாட்னா 4.3 ஆம்பியர். எவ்வளவு இழுக்கலாம்னு சார்ஜர் காருக்குச் சொல்ற பைலட் சிக்னல், ஐஈசி 61851 தரநிலைப்படி 6 ஆம்பியருக்குக் கீழ இறங்காதுங்க. சிக்னல் 'ஆன்'ல இருக்கிற விகிதம் (டியூட்டி) 10 சதவீதம்னா 6 ஆம்பியர், 26.7-ன்னா 16. கீழே சொல்ல வழியே இல்ல. 6 ஆம்பியர் = 1.38 கிலோவாட். உங்க 40 கிலோவாட்டை மூணு பேஸுக்கும் (மின்சாரம் வர்ற மூணு கம்பி) பிரிச்சா பேஸுக்கு 58 ஆம்பியர்தான், அதாவது ஒன்பது கார். மொத்தம் 27. மீதி 13 காருக்கு யார் பதில் சொல்றது?

கம்பியாள்: சுழற்சி. கால் மணிக்கு ஒருமுறை மாத்தினா எல்லாருக்கும் கிடைக்கும்.

மூணுபேஸ்: நிறுத்தி வச்ச கார் சிலது தூங்கிடும், திரும்ப சிக்னல் கொடுத்தாலும் எழுந்திருக்காது. காலையில பார்த்தா பேட்டரி ஏறியிருக்காது. தவிர 6 ஆம்பியரில் காரோட கணினி, பம்பு தின்னது போகத்தான் பேட்டரிக்கு. சிடியைத் தலைகீழா மாட்டிட்டு "லோடு மேனேஜ்மென்ட் வேலை செய்யல"ன்னு வர்றவங்க தனி ரகம். எல்லா சார்ஜரையும் ஒரே பேஸிலேயே தொங்கவிட்டு, மின்சாரம் திரும்பிப் போற நியூட்ரல் கம்பியைச் சுடவைக்கிறவங்க இன்னொரு ரகம்.

பேட்டரிமன்னன்: 'சுமை'ன்னு அழகான வார்த்தை இருக்கு. லோடு லோடுன்னு லாரியா ஓட்டுறீங்க?

மூணுபேஸ்: வார்த்தையில புகுந்துட்டீங்களா? இன்வெர்ட்டர் பத்தின விவாதத்திலும் கணக்கு இடிச்சதும் இலக்கணத்துக்குத்தான் தாவினீங்க.

சூரியகாந்தி: ராத்திரியை விடுங்கப்பா. மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல்படி பொது சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (மின்சாரம் கொடுக்க ஆகுற சராசரி செலவு) 0.7 மடங்கு கட்டணம், மற்ற நேரம் 1.3 மடங்கு. ஆபீஸ் பார்க்கிங்கில் சார்ஜர் வச்சா சூரிய மின்சாரமும் வீணாகாது.

பேட்டரிமன்னன்: பொது நிலையத்துக்கான கட்டணத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் ஒட்டுறீங்களே. ஆபீஸுக்கு பைக்கில் போறவன் காரை எங்க சார்ஜ் பண்ணுவான்?

சூரியகாந்தி: அப்போ உங்களுக்கு 1.3 மடங்குதான் லாயக்கு.

கம்பியாள்: மூணுபேஸ் அண்ணே, தினமும் 40 காரும் ஒண்ணா செருகாது. 20 செருகினா ஆளுக்கு 2 கிலோவாட், உங்க 6 ஆம்பியர் பிரச்சினையே வராது.

மூணுபேஸ்: திங்கள் காலை பயணம்னா ஞாயிறு ராத்திரி 40-ம் செருகும். அன்னைக்கு 4.3-ஐ எப்படி 6 ஆக்குவீங்க?

பேட்டரிமன்னன்: திரும்பவும் 6-ஆ! டைமர்தான் என் பேச்சு.

மூணுபேஸ்: 13 கார்.