ஜூஸ் குடிச்சது நான், சக்கை சாப்பிட்டது என் வீட்டம்மா

ஜெயநகர் ரிட்டயர்டு:

எனக்கு 67 ஆகுது. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன நாள்ல இருந்து காலைல பெங்களூரு லால்பாக் பார்க்ல வாக்கிங், வெஸ்ட் கேட்ல நுழைஞ்சு பாறை மேல ஏறி இறங்கி வெளிய வந்தா அங்க கேன் கேனா ஜூஸ் வச்சிருப்பாங்க, பாகற்காய், சோரேகாயி (நம்ம சுரைக்காய்தான்), அருகம்புல், நெல்லிக்காய்னு. கோஷ்டில எல்லாரும் ஆளுக்கொரு கிளாஸ் அடிப்பாங்க, நானும் அடிப்பேன். இதைப் பார்த்த பையன் வெளிய எதுக்கு குடிக்கிறீங்கப்பான்னு மெதுவா நசுக்கிப் பிழியுற கோல்ட் பிரஸ் ஜூஸ் மெஷின் ஒண்ணு அனுப்பிட்டான், 14 ஆயிரமாம். அவ்ளோதான், நான் ஜூஸ் சாமியார் ஆயிட்டேன். காலைல டிபனுக்குப் பதிலா ஆப்பிள் பீட்ரூட் கேரட் போட்டு ஏபிசி ஜூஸ், சாயங்காலம் நாலு சாத்துக்குடி.

மூணாவது நாளே பாத்ரூம்ல செக்கச்செவேல்னு போனதைப் பார்த்து ரத்தம்னு அலறி, லேபுக்கு ஓடி, அங்க இருந்த பொண்ணு சிரிச்சுக்கிட்டே "அங்கிள் நேத்து பீட்ரூட் சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. மானம் போச்சு.

விஷயம் அது இல்ல. மெஷின் ஒரு பக்கம் ஜூஸையும் இன்னொரு பக்கம் சக்கையையும் தள்ளும்ல, அந்தச் சக்கையை குப்பைல போட என் வீட்டம்மாவுக்கு மனசு வரல. காசு குடுத்து வாங்கின கேரட்டாச்சே. அடை மாவுல போட்டா, சப்பாத்தி மாவுல பிசைஞ்சா, தேங்காய் போட்டு பொரியல் பண்ணா. எனக்கு வேணாம், சத்து எல்லாம் என் கிளாஸ்ல இருக்குன்னு நக்கல் பண்ணிட்டு இருந்தேன்.

ரெண்டு பேருக்குமே சுகர். நாலு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட், பார்த்தா எனக்கு 6.6ல இருந்து 7.8, அவளுக்கு 7.1ல இருந்து 6.8. எனக்கு மலச்சிக்கல் வேற, இத்தனை காய் பழத்தை வாங்கி பிழிஞ்சும்! டாக்டர் கேட்டாரு, உக்காந்த இடத்துல எத்தனை சாத்துக்குடி உரிச்சு தின்பீங்கன்னு. ரெண்டு, மிஞ்சிப் போனா. கிளாஸ்ல நாலு ஒரு நிமிஷத்துல இறங்குது, நார்ச்சத்து முக்கால்வாசி சக்கையோட போயிடுது, தடுக்க ஆள் இல்லாததால சர்க்கரை விறுவிறுன்னு ரத்தத்துல ஏறுதுன்னாரு. ஜூஸ்ல இருக்கிற சர்க்கரையையும் காபில அள்ளிப் போடுற சர்க்கரை கணக்குலதான் உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூஹெச்ஓ) சேர்த்திருக்காம், ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதாம். என்னோட ஏபிசி ஒரு கிளாஸே கிட்டத்தட்ட 30 கிராம் வருது. அவளுக்கு குறைஞ்சதுக்கு சக்கைதான் காரணம்னு அடிச்சு சொல்ல மாட்டேன், அவ ராத்திரி சோத்தையும் நிறுத்தியிருந்தா.

இன்னொண்ணு, மூணு கிலோ குறைஞ்சேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன், ஆனா சேர்ல இருந்து கை ஊனாம எந்திரிக்க முடியல. இந்த வயசுல டிபனை நிறுத்தி ஜூஸ் குடிச்சா கொழுப்போட தசையும் சேர்ந்து கரையும், முட்டை சுண்டல் தயிர்னு புரதம் சாப்பிடுங்கன்னு திட்டினாரு. உங்க வீடுகள்ல எப்படி?

அல்சூர் மருமகள்:

சார், சுகரோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. எங்க அத்தைக்கு 71. போன வருஷம் வீட்லயே சுரைக்காய் ஜூஸ் போட்டாங்க, ஒரே கசப்பு. எனக்கு நாக்குல வச்சதுமே குமட்டிச்சு, கீழ ஊத்திடுங்கத்தைன்னேன். "கசப்புதாண்டி உடம்புக்கு நல்லது"ன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிச்சுட்டாங்க. அரை மணி நேரம் கூட ஆகல, வாந்தி பேதி, அப்புறம் வாந்தில ரத்தம், பிபி எங்கயோ இறங்கிடுச்சு. ஐசியூல ரெண்டு நாள். சுரைக்காய் கசந்தா அதுல குக்கர்பிட்டாசின்னு விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தமாம், மாத்து மருந்து கிடையாது, டிரிப்ஸ் ஏத்தி சமாளிக்கிறதுதான். டெல்லில 2010ல ஒருத்தர் இப்படி குடிச்சு இறந்தே போனாரு, அதுக்கப்புறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கமிட்டி போட்டு கசக்குற சுரைக்காய் ஜூஸை குடிக்கவே கூடாது, வேற ஜூஸோட கலக்கவும் கூடாதுன்னு சொல்லியிருக்கு. கலந்தா கசப்பு தெரியாம உள்ள போயிடும்ல. வேக வச்சாலும் அந்த விஷம் போகாது. நறுக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன துண்டு வாயில வச்சுப் பாருங்க, கசந்தா துப்பிட்டு காயையே தூக்கிப் போடுங்க. பாகற்காய் கசப்பு வேற, சுரைக்காய் கசப்பு வேற.

கேன்ல வச்சு விக்கிறதுல எந்தக் காய் எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

பானஸ்வாடி குமார்:

அப்பா கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கிறாரு. தேவனஹள்ளி சக்கோத்தா, அதான் நம்ம பம்பளிமாஸ், சீசன்ல டெய்லி பிழிஞ்சு குடிப்பாரு. டாக்டர் அதை நிறுத்த சொல்லிட்டாரு. கிரேப்ஃப்ரூட் மாதிரியே அதுவும் குடல்ல மாத்திரையை உடைக்கிற என்சைமை முடக்கிடுமாம், அப்போ சில மாத்திரை ரத்தத்துல அளவுக்கு மேல ஏறிடும். காலைல ஜூஸ் ராத்திரி மாத்திரைன்னு பிரிச்சாலும் பிரயோஜனம் இல்லயாம். எல்லா மாத்திரைக்கும் இல்ல, உங்க சீட்டை காட்டி கேட்டுக்கங்க. கிட்னி வீக்கா இருக்கிறவங்க தக்காளி ஜூஸ், இளநி பக்கமே போகாதீங்க, பொட்டாசியம் ஏறும்.

அல்சூர் மருமகள்:

ஆனா ஒண்ணு, எங்க பாட்டிக்கு பல்லே இல்ல, அவங்களுக்கு பழத்தை எப்படி குடுக்கிறது? பப்பாளி, கொய்யாவை மிக்ஸில அடிச்சு வடிகட்டாம ஸ்பூன்ல குடுக்கிறோம், கொய்யால மட்டும் விதையை எடுத்துடுவோம்.

ஜெயநகர் ரிட்டயர்டு:

அதுதாம்மா சரி, வடிகட்டாம. சுரைக்காய் மேட்டர் படிச்சதும் வயித்தைக் கலக்கிருச்சு, எத்தனை கிளாஸ் கண்ணை மூடிட்டு குடிச்சிருக்கேன். இப்போ வாக்கிங் முடிஞ்சதும் நேரா வீடு, ரெண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு கொய்யா கடிச்சு. போன மாசம் பார்த்ததுல 7.1. மெஷினை பரண்ல போடலாம்னா வீட்டம்மா விடல, ஞாயித்துக்கிழமை ஆப்பத்துக்கு அதுலதான் தேங்காப்பால் எடுக்குறா. நல்லா திக்கா வருதுங்க. பையன்கிட்ட இன்னும் சொல்லல.