மாதக் கடைசியில் மிஞ்சும் சிறு தொகையால் கடனைக் குறைக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கடன்கள் உள்ளன. ஒன்று கிரெடிட் கார்டில் சேர்ந்துவிட்ட நிலுவை, மற்றொன்று மூன்று ஆண்டுத் தவணையில் வாங்கிய தனிநபர் கடன். வாடகை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்துச் செலவு எல்லாம் போக, கையில் நிற்பது மிகச் சிறிய தொகைதான். அதுவும் ஒரு மாதம் மிஞ்சினால் அடுத்த மாதம் துண்டு விழுகிறது. கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டியும் நிலுவை அசையவே இல்லை. மிஞ்சுவதை எந்தக் கடனில் போடுவது? அவ்வப்போது கட்டுவதா, சேர்த்துவைத்து மொத்தமாகக் கட்டுவதா?

பதில் 1:
சகோதரி, முதலில் கார்டைக் கவனியுங்கள். இரண்டில் வட்டி அதிகம் அதற்குத்தான் இருக்கும். மாத வட்டி 3 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நிலுவை 100, குறைந்தபட்சத் தொகை அதில் 5 சதவீதம் என்றால், கட்டும் 5-இல் 3 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது 2 மட்டுமே. நிலுவை குறையக் குறைய வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வருவதால், கேட்டதை மட்டும் கட்டிவந்தால் 31 மாதங்கள் கழித்தும் பாதிக்கு மேல் கடன் அப்படியே நிற்கும். அதே 5-ஐக் குறைக்காமல் மாதாமாதம் கட்டினால், அந்த 31 மாதங்களில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். 5-க்குப் பதில் 7 கட்ட முடிந்தால் 19 மாதங்கள் போதும். நீங்கள் சிறிது என்று நினைக்கும் அந்த 2 முழுவதும் அசலில் கழிவதால்தான் இவ்வளவு வேறுபாடு வருகிறது.

பெரும்பாலான கார்டுகளில் வட்டி அன்றாட நிலுவையின் மீது கணக்கிடப்படுகிறது. ஆகவே சேர்த்துவைக்க வேண்டாம், பணம் கைக்கு வந்த அன்றே கட்டிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் எதுவும் மிஞ்சாது. சம்பளம் வந்த நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்ன கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மிஞ்சுவது அனைத்தையும் கடனில் போடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, மிக்சி பழுதானாலோ, கையிருப்பு இல்லாத வீடு மறுபடியும் அதே கார்டைத்தான் நீட்டும். பழைய நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைப்பதில்லை, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு மாத மருந்துச் செலவுக்கும் ஒரு திடீர்ச் செலவுக்கும் போதுமான பணத்தைச் சிறுவாடாக முதலில் ஒதுக்கிவையுங்கள். அது நிரம்பும்வரை கடனுக்குப் போகும் தொகை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. அதோடு, கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள்.

தனிநபர் கடனைப் பொறுத்தவரை, வட்டியைக் குறையும் அசலுக்கு (கட்டக் கட்ட மீதி நிற்கும் தொகைக்கு) மட்டும் போடுகிறார்களா, தொடக்க அசலுக்கே (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே) கடைசிவரை போடுகிறார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தொடக்க அசலுக்கு 12 சதவீதம் என்று சொல்லி மூன்று ஆண்டுத் தவணையில் தரும் கடன், குறையும் அசல் கணக்கில் சுமார் 21 சதவீதத்துக்குச் சமம். அப்படியே இருந்தாலும் உங்கள் கார்டின் வட்டிதான் அதிகமாக இருக்கும் என்பதால், வரிசையை மாற்ற வேண்டியிராது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கார்டு முடிந்த பிறகு, அதற்குக் கட்டிவந்த தொகையைத் தனிநபர் கடனில் கூடுதலாகக் கட்டினால் தவணை குறையுமா, காலம் குறையுமா?

பதில் 2:
நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ, அதைப் பொறுத்தது. தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வட்டி அதிகம் மிச்சமாவது அந்த வழியில்தான். கூடுதலாகக் கட்டியதை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வரவு வைத்துவிட்டால் அசல் குறையாது. எனவே, அசலில் கழித்ததற்கான ரசீதையும் புதிய தவணை அட்டவணையையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள். ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள் என்றால், இந்தக் கடனுக்கு மட்டும் சில மாதத் தொகையைச் சேர்த்து ஒரே முறையாகக் கட்டுவது நல்லது.