பன்னிரண்டு பேர் வாழும் ஊருக்குத் தனி ஆட்சியா? கொரிப்போ பற்றி ஒரு கேள்வி

வெள்ளவத்தை வாசகி:
லோகார்னோவில் வசிக்கும் என் தம்பி கோடை விடுமுறையில் கொரிப்போ என்னும் மலைக்கிராமத்துக்குப் போய்வந்து படங்கள் அனுப்பியிருந்தான். பத்துப் பன்னிரண்டு பேரே வாழ்ந்த அந்த ஊர் 2020 வரை தனக்கென ஒரு சபையோடு சுவிற்சர்லாந்தின் மிகச் சிறிய ஊராட்சியாக இருந்ததாம். எங்கள் தொடர்மாடியின் ஒரு தளத்தில் இருப்பவர்களே அதைவிட அதிகம். இவ்வளவு சிறிய ஊர் தன்னைத்தானே ஆண்டது எவ்வாறு, பிறகு ஏன் அதைக் கைவிட்டது என்பதை அறிந்தவர்கள் விளக்க முடியுமா?

மலைப்பாதை:
டிச்சினோ மாநிலத்தின் வெர்சாஸ்கா பள்ளத்தாக்கில், செங்குத்தான சரிவில், சுவரும் கூரையும் கல்லாலான வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஊர் அது. 1850ஆம் ஆண்டில் அங்கே 294 பேர் இருந்தார்கள். நிலம் போதாமையால் அந்தப் பள்ளத்தாக்கின் இளைஞர்கள் கலிபோர்னியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பொன் தேடிப் புறப்பட்டார்கள். எஞ்சியோரும் குளிர்காலத்தில் மந்தைகளோடு கீழேயுள்ள மகாதீனோ சமவெளிக்கு இறங்கி, கோடையில் மேலேறினார்கள். அதனால்தான் லாவெர்தேட்சோ போன்ற ஊராட்சிகளுக்கு மலையில் ஒரு துண்டும் சமவெளியில் ஒரு துண்டுமாக நிலம் அமைந்தது. 2020 ஒக்டோபர் 18இல் கொரிப்போவும் அயல் ஊர்களும் இணைந்து ‘வெர்சாஸ்கா’ என்ற ஒரே ஊராட்சியானபோது, அந்த மலைத் துண்டுகளையும் பிரித்தெடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. சபை உறுப்பினர்கள் தத்தம் தொழிலோடு பகுதிநேரமாகப் பொறுப்பேற்பதே அங்குள்ள வழக்கம். முதியோரே மிஞ்சிய ஊரில் அதற்கு ஆள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

திரும்பி வந்தவன்:
பதினெட்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்து இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். நாங்கள் ‘கெமைன்டே’ என்று சொல்லும் ஊராட்சியை இங்குள்ள கிராம சேவகர் பிரிவோடு ஒப்பிடத் தோன்றலாம், ஆனால் அது சரியாகாது என்பதை வாசகி அம்மாவுக்குச் சொல்ல விரும்புகிறேன். கிராம சேவகர் அரசு நியமிப்பவர். அங்கேயோ ஊரவர் தெரிவுசெய்யும் சபை, கூட்டாட்சி வரி, மாநில வரி ஆகியவற்றுக்கு அப்பால் தனக்குரிய வரி வீதத்தையும் தீர்மானிக்கிறது. சிறிய ஊர்கள் பலவற்றில் வரவுசெலவுத் திட்டத்தைக் குடிமக்களே மண்டபத்தில் கூடிக் கையுயர்த்தி நிறைவேற்றுவார்கள். குடியுரிமையும் ஊர், மாநிலம், நாடு என்ற மூன்று படிகளில் கிடைப்பதே. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்காது, பூர்வீக ஊரே இருக்கும். ஆகவே யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு ஒரு சிறிய மலையூர் குடியுரிமை வழங்கினால், அதன் பெயரே அவருடைய பூர்வீகமாகப் பதிவாகிவிடும். அதை முதன்முதலில் என் கையில் பார்த்தபோது நெடுநேரம் பேச முடியாமல் இருந்தேன்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
உள்ளூராட்சித் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நம் நாட்டிலும் கிராம சபைகள் இருந்தன. 1981இல் மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்தபோது அவை ஒழிக்கப்பட்டன, 1987ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான பிரதேச சபைகளோ பல கிராமங்களைச் சேர்த்த பெரிய அலகுகள். சுவிற்சர்லாந்திலும் 1850இல் 3,200ஐத் தாண்டியிருந்த ஊராட்சிகள் இன்று ஏறத்தாழ 2,100ஆகக் குறைந்துவிட்டன. ஆனால் அங்கே பெரும்பாலான இணைப்புகள் ஊரவரின் வாக்கைப் பெற்றே நடக்கின்றன. கிளாருஸ் மாநிலத்தில் 25 ஊராட்சிகளை மூன்றாக்கும் முடிவை 2006இல் திறந்தவெளியில் கூடிய மக்கள் கையுயர்த்தி எடுத்தார்கள். 2011இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்த வேறுபாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

வெள்ளவத்தை வாசகி:
அனைவருக்கும் நன்றி. தம்பி தங்கிய அறை முன்பு ஒரு குடும்பத்தின் வீடாக இருந்ததாம். அதைப் பற்றி ஏதும் தெரியுமா?

மலைப்பாதை:
ஆம். ஊரைக் காக்க 1975இல் அமைந்த அறக்கட்டளை, வெறுமையாகக் கிடந்த பல வீடுகளைத் திருத்தி, ஊர் முழுவதும் பரந்த ஒரே விடுதியாக 2022இல் திறந்தது. வெளித்தோற்றத்தை மாற்றவில்லை, பழைய ஆலையையும் புதுப்பித்திருக்கிறார்கள்.