தோண்டிக்கொண்டே போகும், ஆனால் சுரங்கம் இருக்காதா?

சுரங்கக்காரன், பெங்களூர்:
மெட்ரோ சுரங்க வேலையில் ஷிப்ட் பார்க்கிறேன். எங்கள் மிஷின் கொஞ்சம் முன்னே போனால் பின்னால் கான்கிரீட் ரிங் போட வேண்டும், வெட்டின மண்ணை மேலே ஏற்ற வேண்டும், உள்ளே காற்றும் அனுப்ப வேண்டும். நேற்று நைட் ஷிப்ட் முடிந்து அல்சூர் ரூமுக்கு வந்து, ஆஸ்திரேலியாவின் மார்சூப்பியல் மோல் என்ற சின்னப் பிராணியைப் பற்றிப் படித்தேன். மணலுக்குள் போய்க்கொண்டே இருக்குமாம், பின்னால் வழியே இருக்காதாம். அப்படியானால் தோண்டின மண் எங்கே போகிறது? எப்படி மூச்சு விடுகிறது? இதே யோசனையில் தூக்கமே வரவில்லை.

விலங்கியல் வாத்தியார், மல்லேஸ்வரம்:
தம்பி, பெயரில்தான் மோல், அதாவது அகழெலி. இது கங்காருபோல வயிற்றில் பை உள்ள பிராணி, எடை 40 முதல் 70 கிராம்தான். முன்கால்களில் மண்வெட்டி மாதிரி இரண்டு பெரிய நகங்கள். அவற்றால் மணலைக் கீறும், பின்கால்களால் பின்னே தள்ளி அடைத்துவிடும். முன்னால் எடுத்ததே பின்னால் நிரப்ப ஆகிவிடுகிறது. பையின் வாயும் பின்பக்கம் பார்த்தது, மணல் உள்ளே போகாது. கண் பார்வை கிடையாது, காதுமடலும் கிடையாது. மூச்சுக்கு மணல் துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றே போதும். உடல் சூடு குறைவு, அதனால் ஆக்சிஜன் செலவும் குறைவு.

முதுகலை மாணவி:
அண்ணா, இந்த மோலின் தென்பகுதி இனத்தை, நடு ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைப் பக்கத்துப் பழங்குடிகளான அனங்கு மக்கள் இட்ஜரிட்ஜாரி என்கிறார்கள். ஸ்பினிஃபெக்ஸ் புல் வளரும் செம்மணல் மேடுகள்தான் அதன் இடம். நேரில் பார்ப்பது அபூர்வம், மழைக்குப் பிறகு எப்போதாவது மேலே வரும். அதனால் ஆய்வாளர்கள் மணலில் நீளமாகப் பள்ளம் வெட்டி அதன் சுவரைப் பார்க்கிறார்கள். மோல் போன இடம் நிரம்பியிருந்தாலும் சுற்றியுள்ள மணலைவிடப் பொலபொலவென்று இருக்கும். முட்டை வடிவத்தில் அச்சு மாதிரித் தெரியும்.

சுரங்கக்காரன்:
ரொம்ப நன்றி. எங்களுக்குக் கருங்கல்லும் மண்ணும் ஒரே முகப்பில் கலந்து வந்தால்தான் பெரிய பாடு. கட்டர் தேய்ந்து, ஒரு ஷிப்ட் முழுக்க ஒரு ரிங்கூட ஓடாது. இந்த மோலுக்குக் கெட்டி மண் வந்தாலே முன்னே போக முடியாதுபோல. அந்த முட்டை அச்சை ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அது எத்தனை நாள் அழியாமல் இருக்கும்மா?

முதுகலை மாணவி:
வருஷக்கணக்கில் இருக்கும் அண்ணா. அதனால்தான், அச்சு கிடைத்தாலும் மோல் இன்னும் அங்கே வாழ்கிறது என்று சொல்லிவிட முடியாது.