சாயல்குடி பக்கம் புள்ளிமானுக்கு கோடையில தீனி, ரெண்டு ஏக்கர்ல என்ன பண்ணலாம்?

கம்மாக்கரையான்:
அண்ணமாருக்கு வணக்கம். சாயல்குடிக்கு கிழக்க எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி, நாலு ஏக்கர்ல மிளகா போடுறோம், மீதி ரெண்டு ஏக்கர் உவர் அடிச்சு அப்பா காலத்துலயே விட்டது, இப்ப முழுக்க சீமைக்கருவேலம். அதுக்குள்ள புள்ளிமான் ஏழெட்டு நிக்குது. ஐப்பசி கார்த்திகைல மழை பேஞ்சா கம்மாக்கரை பச்சையா கெடக்கும், பங்குனி தாண்டுனா ஒண்ணும் இல்ல. போன சித்திரைல ஒரு பொட்டமான் தண்ணி தேடி ஊருக்குள்ள வந்து நாய் விரட்டி முள்வேலில சிக்கி செத்துப்போச்சு. வயிறு ஒட்டிப்போய் கெடந்துச்சுண்ணே, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அமெரிக்காவுல எல்க்னு பெரிய மான் ஜாதிக்கு குளிர்காலத்துல கவர்மென்ட்டே தீவனம் போடுதுன்னு வீடியோ பாத்தேன். அதே மாதிரி நானும் தவிடு, சோளத்தட்டை வாங்கி வைக்கலாமா?

கொலராடோ பரமக்குடியான்:
தம்பி, தீவனம் மட்டும் கொட்டிறாதப்பா. நீ பாத்தது வயோமிங்ல ஜாக்சன் ஊரை ஒட்டுன எல்க் சரணாலயமா இருக்கும், நான் ரெண்டு வாட்டி போயிருக்கேன். எல்க் குளிருக்கு மலையிலேருந்து எறங்கி மேயுற பள்ளத்தாக்குல மனுசன் வீடும் வேலியும் போட்டுட்டான், பனியில ஆயிரக்கணக்குல பட்டினியா செத்துச்சு, அதுக்குத்தான் 1912ல அந்த எடத்தை ஒதுக்குனாங்க. சுமார் 25 ஆயிரம் ஏக்கர். கடும் பனியில குதிரைமசால் உருண்டை போடுவாங்க. ஆனா தீனி கொட்டுற எடத்துல எல்லாம் ஒண்ணா குமியுதுல்ல, ஒண்ணுக்கு வந்த சீக்கு எல்லாத்துக்கும் ஒட்டுது. மூளையை அரிச்சு கொல்ற ஒரு நோய் இருக்கு, மருந்தே கெடையாது, கிருமி மண்ணுல வருசக்கணக்கா நிக்கும், 2020ல அந்த வட்டாரத்து எல்க்லயே கண்டுபிடிச்சாங்க. அதனாலதான் அங்கயே நிலத்துக்கு தண்ணி பாய்ச்சி புல்லை வளக்குறாங்க, புல்லு நின்னா உருண்டை போடுற நாளு கொறையும்ல. இன்னொன்னு, எலை தழை தின்னுக்கிட்டிருந்த மானுக்கு திடீர்னு தானியமும் சோறும் வச்சா வயித்துல புளிச்சு உப்பிச் செத்துப்போகும், நம்ம ஆடு நெல்லைத் தின்னா ஆகுமே அதே கதைதான்.

உடங்காடு:
அண்ணன் சொன்னது சரி. தம்பி உனக்கு பஞ்சம் பனியில இல்ல, வெயில்ல, அதனால மழைக்கு முன்னாடியே வேலையை முடிக்கணும். சீமைக்கருவேலத்தை வெட்டுனா மட்டும் பத்தாது, தூரோட தோண்டணும், இல்லன்னா நாலு பக்கமும் வெடிச்சு வரும். ஒரேடியா அழிச்சிறாத, மானுக்கு பகல்ல மறைவு அதுதான். அதோட நெத்தை மான் திங்கும், வெதை புழுக்கையில விழுந்து மறுபடி மொளைக்கும், அதை வருசாவருசம் பிடுங்கணும். கால்வாசி கால்வாசியா எடுத்து அந்த எடத்துல உடைமரம், நாட்டுக்கருவேலம், இலந்தை வையி. மூணும் நம்ம வறட்சிக்கு நிக்கும். புல்லுக்கு கொழுக்கட்டைப்புல்லு, புரட்டாசி கடைசில தூவிட்டா அடைமழையில பிடிச்சுக்கும். உவர் ரொம்ப இருந்தா முதல்ல மேட்டுப்பக்கமா தூவு.

தண்ணிக்கு ஒரு தொட்டி, ஆனா ஒரு பக்கம் சாய்வா கட்டு, செங்குத்தா இருந்தா குட்டி விழுந்து ஏறத் தெரியாம செத்துரும். ரோட்டை விட்டு உள்ள தள்ளிக் கட்டு.

மிளகாக்காடு:
நான் வேற பக்கம் பேசுறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க பச்சையா வச்சா மான் உங்க ரெண்டு ஏக்கரோட நிக்குமா? பக்கத்துக்காரன் பருத்தியில எறங்கும். அவன் கடன் வாங்கி போட்டவன், ராவோட ராவா கரண்டு வேலி போட்டான்னா மானும் சாகும், மனுசனும் சாவான், 1972 வனவிலங்கு சட்டத்துல கேஸும் விழும். மொதல்ல சுத்தி இருக்கவங்ககிட்ட பேசுங்க. வனத்துறைக்கும் ஒரு மனு குடுத்துட்டு தொட்டி கட்டுங்க.

கம்மாக்கரையான்:
பக்கத்துக் காடு எங்க சித்தப்பாதுண்ணே, நேத்தே போய் பேசிட்டேன், அவுக பருத்தி பக்கம் பத்தடிக்கு ஒண்ணும் வைக்காம வெறுமனே விட்டுர்றேன்னு சொன்னேன், சரின்னுட்டாக. தீவனம் வேணாம், முடிவு பண்ணிட்டேன். இந்த வருசம் அரை ஏக்கர் தோண்டுறேன். உடை வெதை எங்க கிடைக்கும்?

உடங்காடு:
காசு குடுத்து வாங்காத. உடை நெத்தை ஆட்டுக்கு உலுக்கிப் போடுவாங்கல்ல, அந்தக் கிடைக்கு போய் புழுக்கையை கூட்டு. ஆட்டு வயித்துக்குள்ள போயிட்டு வந்த வெதைதான் சீக்கிரம் மொளைக்கும்.